பழைய 386, 486, பென்டியம் கணினி வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 386 என்ற ப்ராசசர் தொடங்கி முதல் தலைமுறை பென்டியம் வரையிலான மேசைக் கணினிகள். தோராயமாக 1987-க்கும் 1997-க்கும் இடையே விற்றவை. விண்டோஸுக்கு முன்னிருந்த டாஸ் இயங்குதளத்தின் விளையாட்டுகளை அசல் இயந்திரத்தில் ஆட விரும்புகிறவர்கள், விண்டோஸ் 3.1-இல் கற்றதை மறுபடி தொட்டுப் பார்க்க நினைப்பவர்கள், பழைய ஃப்ளாப்பிகளைப் படித்தாக வேண்டியவர்கள் என்று பலரும் இவற்றைத் தேடுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

விற்பவர் "ஆன் ஆகுது சார், நல்லா ஓடுது" என்கிறார். ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டு வாங்கினால் போதாதா?

போதாது. இன்னும் சொன்னால், ஓட்டிக் காட்டச் சொல்லவே வேண்டாம். இருபது வருடம் பரணில் கிடந்த பெட்டிக்கு நேராகக் கரண்ட் கொடுப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். உள்ளே பேட்டரி கசிந்து போர்டில் படிந்திருக்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளிருக்கும் பவர் சப்ளையில், உள்ள கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். நம் ஊரில் பல்லியோ கரப்பானோ எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் செத்துக் காய்ந்து கிடப்பதும் சகஜம். இவற்றில் எது இருந்தாலும், மூடிய பெட்டியை ஆன் செய்யும் அந்த நொடியில் நல்ல போர்டும் சேர்ந்து போய்விடும்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் திறப்பது, அப்புறம் பார்ப்பது, அதற்கப்புறம்தான் கரண்ட். பின்பக்கம் நான்கைந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி வந்துவிடும். திறக்கவே கூடாது என்று விற்பவர் பிடிவாதம் பிடித்தால் காயலான் கடை எடைக்கான விலையைத் தாண்டிப் பேசாதீர்கள். ஓடாத, ஆனால் போர்டு சுத்தமாக இருக்கும் பெட்டிக்கும், ஓடுகிற, ஆனால் போர்டின் மூலை பச்சை பூத்த பெட்டிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிக்கொள்ளலாம், ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றலாம். அரிக்கப்பட்ட மதர்போர்டுக்கு மாற்று தேடுவதுதான் பெரும்பாடு.

திறந்தாயிற்று. முதலில் எங்கே பார்க்க வேண்டும்?

பேட்டரியை. 386, 486 போர்டுகள் பெரும்பாலானவற்றில், கீபோர்டு செருகும் வட்டமான இணைப்புக்குப் பக்கத்தில், நீலம் அல்லது பச்சை உறை போட்ட சின்ன உருளை ஒன்று ஈயத்தால் பற்ற வைக்கப்பட்டிருக்கும். மூன்று செல்கள் சேர்ந்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி அது. மெஷின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பாற்றுவது அதன் வேலை. முப்பது வருடத்தில் அது கசியாமல் இருந்தால் அதிசயம்.

கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். போர்டின் பச்சை மேற்பூச்சுக்கு அடியில் புகுந்து செப்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். மேலே பார்க்கும்போது நீலப்பச்சைப் பூப்பாகவோ வெள்ளைப் பொடியாகவோ தெரியும். சில நேரம் மேற்பூச்சு கறுத்துப் புடைத்திருப்பது மட்டும்தான் அடையாளம். பேட்டரிக்குப் பக்கத்தில்தான் கீபோர்டு கன்ட்ரோலர் சிப் இருக்கும். முதல் பலி பெரும்பாலும் அதன் சாக்கெட். அங்கிருந்து, கார்டுகள் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளின் முனை வரை பரவியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரி இருந்த இடத்துக்கு நேர் பின்புறமும் பார்க்க வேண்டும். அதற்குப் போர்டைக் கழற்ற நேரிடலாம்.

போன் வழியாகப் பேசி வாங்குவதானால், இந்த மூலையை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்க அழகைக் காட்டும் பத்துப் படங்களைவிட இந்த ஒரு படம் உதவும்.

பேட்டரி கசிந்திருந்தால் வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை. பேட்டரியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் பூத்திருந்தால் காப்பாற்றிவிடலாம். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்தால் காரம் முறியும். பிறகு சுத்தமான தண்ணீர், பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நன்றாகக் காய விடுதல். காய்ந்ததும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு தடமாக அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுந்த இடத்தில் மெல்லிய கம்பி வைத்துப் பற்ற வைக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காட்மியம் நஞ்சு.

ஸ்லாட்டுகள், மெமரி சாக்கெட், ப்ராசசர் அருகே வரை போய்விட்டதென்றால் உதிரிபாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

அதே இடத்தில் மறுபடி நிக்கல் காட்மியம் பேட்டரி வைக்காதீர்கள். பல போர்டுகளில் வெளி பேட்டரிக்கென்று நான்கு முள் கொண்ட இணைப்பு இருக்கும். மூன்று பென்சில் செல் பிடிக்கும் ஹோல்டரை ஒயர் வைத்து, போர்டை விட்டுத் தள்ளி கேபினட் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே ஒயரை இணைப்பதானால் நடுவே, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் டயோடு ஒன்று கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் போர்டு அந்த செல்லை சார்ஜ் செய்யப் பார்க்கும்; லித்தியம் செல் என்றால் அது ஆபத்து.

என் போர்டில் உருளை பேட்டரி இல்லையே?

நல்லது. நாணயம்போன்ற சிஆர்2032 செல் இருந்தால் கவலையே இல்லை, புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். "டல்லாஸ்" என்று அச்சிட்ட தடித்த கறுப்புச் செவ்வகம் இருந்தால், அதற்குள்ளேயே லித்தியம் செல் வைத்துப் பூசி அடைத்திருக்கிறார்கள். டிஎஸ்1287, டிஎஸ்12887 என்ற எண்கள் இருக்கும். பத்து வருடத்துக்கென்று செய்த பொருள், இந்நேரம் தீர்ந்திருக்கும். ஆனால் கசிந்து போர்டைக் கெடுக்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதியும் ஹார்ட் டிஸ்க் விவரமும் மறந்துபோகும், அவ்வளவுதான். மாற்று மாட்யூல்கள் கிடைக்கின்றன. பற்ற வைக்கத் தெரிந்தவர்கள் மேற்பூச்சைச் சுரண்டி வெளியே ஒரு சிஆர்2032-ஐ இணைத்துவிடுவார்கள். சாக்கெட்டில் செருகியதா, பற்ற வைத்ததா என்று பார்த்து வையுங்கள். சாக்கெட் என்றால் வேலை சுலபம்.

எஸ்எம்பிஎஸ்ஸை எப்படிச் சோதிப்பது?

பின்பக்கம் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியாக இருந்தால் அது 115-இல் நிற்கலாம். அந்த நிலையில் நம் 230 வோல்ட்டில் செருகினால் வெடிக்கும். யாரையும் நம்பாமல் உங்கள் கண்ணால் பாருங்கள்.

அடுத்து, அந்தக் காலத்து ஏடி என்ற வகைப் பெட்டிகளில் முன்பக்கத்து பவர் பட்டனுக்கு 230 வோல்ட் நேராகவே வருகிறது. இன்றைய கணினிகளில் அந்த பட்டனுக்கு வருவது 5 வோல்ட் சிக்னல். இங்கே அப்படி இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தடித்த கறுப்பு ஒயர் ஒன்று முன்பக்கம் போகும். அதன் முனையில் இன்சுலேஷன் உரிந்திருந்தால் கேபினட் முழுக்க ஷாக் அடிக்கும். மூன்று முள் பிளக், வேலை செய்கிற எர்த் இரண்டும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸை மதர்போர்டிலிருந்து கழற்றிவிடுங்கள். டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரீஸ் பல்பு இங்கே அருமையாக உதவும். 100 வாட் குண்டு பல்பு ஒன்று லைனில் தொடராக இருக்கும். ஆன் செய்ததும் பல்பு ஒரு முறை பளிச்சிட்டு மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு ஆகாது.

பல்பைத் தாண்டியதும் நேர் லைனில் போட்டு மல்டிமீட்டரால் அளக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்கள் சில சுமை இல்லாமல் கிளம்பாது, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டிக்கொள்ளுங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட் வரை, மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை இருந்தால் சரி. இல்லாவிட்டால் போர்டில் மாட்டாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பழுது பார்ப்பது பழக்கப்பட்டவர் வேலை. அணைத்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும்.

இன்னொன்று. மதர்போர்டுக்குப் போகும் இணைப்பு பி8, பி9 என்று இரண்டு துண்டாக இருக்கும். பக்கம் பக்கமாகச் செருகும்போது இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் சேர்ந்து நிற்க வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு எரிந்துபோகும். இதைத் தடுக்கும் அமைப்பு இணைப்பிலேயே கிடையாது என்பதால் கழற்றும் முன்பே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் தனியாக ஓடுகிறது, போர்டை மாட்டினால் நின்றுவிடுகிறது. போர்டு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. போர்டிலோ கார்டிலோ இருக்கும் டான்டலம் கெப்பாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் கண்ணீர்த்துளி வடிவத்தில் இருக்கும். எல்லா கார்டுகளையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினால் எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும். இவை சில நேரம் பட்டென்று வெடித்துத் தீப்பொறி பறக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்குச் செலவு மிகக் குறைவு. இந்தக் கோளாறோடு "டெட்" என்று விற்கப்படும் மெஷின்தான் பொறுமைசாலிக்கு நல்ல பேரம்.

முன்பக்கத்தில் 66 என்று எண் எரிகிறது. 66 மெகாஹெர்ட்ஸ் மெஷின்தானே?

அந்த எண் எதையும் அளப்பதில்லை. பின்னால் உள்ள ஜம்பர்களை எப்படி வைத்தார்களோ அதைத்தான் காட்டும். ஹீட் சிங்க்கைக் கழற்றி ப்ராசசர் மீதுள்ள எழுத்தைப் படியுங்கள். முதலில் ப்ராசசர் இருக்கிறதா என்றே பாருங்கள். பீங்கான் உடல் கொண்ட பழைய ப்ராசசர்களில் தங்கம் இருக்கிறது என்று பழைய சாமான் எடுப்பவர்கள் பிடுங்கிக்கொண்டு போர்டைத் தனியாகத் தள்ளிவிடுவது நடக்கிறது.

எழுத்தையும் முழுசாக நம்ப முடியாது. தொண்ணூறுகளில் குறைந்த வேகச் சிப்பைச் சுரண்டி அதிக வேகத்தை அச்சடித்து விற்றவர்கள் இருந்தார்கள். இதைவிடத் துணிச்சலான ஏமாற்று, ப்ராசசருக்கு உதவும் சின்ன அதிவேக நினைவகமான கேஷ் மெமரியில் நடந்தது. 1994-க்குப் பிறகு வந்த மலிவான 486 போர்டுகள் சிலவற்றில் கேஷ் சிப் என்று பற்ற வைத்திருப்பது உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக். கால்கள் எங்கேயும் போய்ச் சேராது. போர்டைத் துவக்கும் நிரலான பயாஸையும் மாற்றி எழுதி, 256 கேபி கேஷ் இருப்பதாகத் திரையில் காட்ட வைத்தார்கள். கேஷ் வேகத்தை அளக்கும் பழைய டாஸ் நிரல்கள் இணையத்தில் இன்னும் கிடைக்கின்றன. 486-க்குள்ளேயே உள்ள 8 கேபி கேஷைத் தாண்டியதும் வேகம் நேராக மெமரியின் வேகத்துக்கு விழுந்தால், நடுவில் இருக்க வேண்டிய படி இல்லை என்று பொருள். அந்தச் சிப்புகள் பொய். வரலாற்றுப் பொருளாக அந்த போர்டை விரும்பி வாங்குகிறவர்களும் உண்டு. நீங்கள் தெரிந்தே வாங்குங்கள்.

மெமரி எவ்வளவு இருந்தால் போதும்? எதைப் பார்த்து வாங்குவது?

டாஸுக்கும் விண்டோஸ் 3.1-க்கும் 8 எம்பி தாராளம். எண்ணிக்கையில்தான் கவனம் வேண்டும். சிம் எனப்படும் மெமரிப் பலகை 30 முள் வகை என்றால் 386டிஎக்ஸ், 486 போர்டுகளில் நான்கு நான்காகப் போட வேண்டும். 72 முள் வகை 486-இல் ஒன்று போதும், பென்டியத்தில் ஜோடியாக வேண்டும். சிம் பிடிக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் காலத்தில் நொறுங்கியிருக்கும். அவை உடைந்திருந்தால் மெமரி சரியாக உட்காராது. விலையைக் குறைத்துக் கேட்க நியாயமான காரணம்.

பென்டியத்தில் வகுத்தல் பிழை இருந்ததாமே. என்னுடையதில் இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

முடியும், சந்தோஷமான சோதனை அது. லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1994-இல் இந்தப் பிழையை வெளிக்கொண்டு வந்தார். அந்த வருடக் கடைசியில், கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தருவதாக இன்டெல் அறிவிக்க வேண்டி வந்தது. 60 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஆரம்பகாலச் சிப்புகளில்தான் இது உண்டு.

4195835-ஐ 3145727-ஆல் வகுத்து, வந்ததை மறுபடி 3145727-ஆல் பெருக்கி, 4195835-இலிருந்து கழியுங்கள். நல்ல சிப்பில் பூஜ்யம் வரும். பிழையுள்ள சிப்பில் 256 வரும். அந்தக் காலத்து விரிதாள் நிரல் எதிலும் போட்டுப் பார்க்கலாம். பிழையோடு தப்பிப் பிழைத்த சிப்புகளைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள், 256 வந்தால் வருத்தப்படாதீர்கள்.

ஆன் செய்தாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

காதைக் கொடுங்கள். உள்ளிருக்கும் ஸ்பீக்கர் ஒரு நீள பீப், இரண்டு குறும் பீப் அடித்தால் டிஸ்ப்ளே கார்டுதான் சந்தேகம். விடாமல் கத்தினால் பெரும்பாலும் மெமரி. சத்தமே இல்லை என்றால் முதலில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

அணைத்துவிட்டு மெமரியையும் கார்டுகளையும் கழற்றி, தொடுமுனைகளை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டுங்கள். கடற்கரை ஊர்களில் இருந்த மெஷின்கள் இந்த ஒரு காரியத்திலேயே உயிர்பெறுவது சாதாரணம். அப்போதும் வரவில்லை என்றால் ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் செருகும், துவக்கச் சோதனையைக் காட்டும் போஸ்ட் (POST) கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை இரண்டு இலக்கத்தில் காட்டும். விலை அதிகமில்லை, அடுத்த பெட்டி பார்க்கப் போகும்போதும் பையில் இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கை நம்பலாமா?

சேமிப்புக்கு நம்ப வேண்டாம். ஆனால் ஓடினால் அருமை. அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒன்றைக் கழற்றாமல் வைத்திருக்கிறேன். ஆன் ஆனதும் சீராகச் சுழன்று, கடகடவென்று தலையை நகர்த்தி அடங்கினால் நல்லது. ஒரே இடைவெளியில் டக், டக் என்று அடித்தால் அதன் காலம் முடிந்தது. பேட்டரியை இன்னும் வெட்டாத மெஷின் என்றால், ஓடும்போதே பயாஸ் அமைப்பில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றியதும் அவை அழிந்துவிடும். பிறகு எம்எஸ்-டாஸ் 6.2 அல்லது அதற்கு மேல் உள்ள பதிப்பில் ஸ்கேன்டிஸ்க் ஓட்டி மேற்பரப்பைச் சோதியுங்கள்.

மாற்றாக, ஐடிஇ (அந்தக் கால ஹார்ட் டிஸ்க் இணைப்பு) அடாப்டரில் செருகிய காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு நன்றாக வேலை செய்கிறது. பழைய பயாஸ் பலவற்றுக்கு 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதுதான் எல்லை, அதாவது 528 எம்பி. அதனால் 512 எம்பி கார்டு வாங்கினால் தொல்லை இல்லை.

ஃப்ளாப்பி டிரைவ்?

டிரைவைவிட ஃப்ளாப்பிகள்தான் பிரச்சினை. ஈரக்காற்றில் இருந்த ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்திருக்கும். உலோக மூடியை நகர்த்திச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அதை டிரைவில் போடாதீர்கள். ஒரு கெட்ட ஃப்ளாப்பி தலையை அழுக்காக்கி, அடுத்து போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறிவிடும். தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் மெதுவாகத் துடைக்கலாம். தினசரி உபயோகத்துக்கு யூஎஸ்பி பென் டிரைவை ஃப்ளாப்பியாகக் காட்டும் கோடெக் (Gotek) கருவி வசதி.

பழைய மானிட்டரும் சேர்த்து வாங்கவா?

இடம் இருந்தால் வாங்குங்கள். டாஸ் எழுத்துகள் படக்குழாய்த் திரையில்தான் அழகு. பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். படம் சுருங்குகிறதா, மங்குகிறதா, உள்ளே உஸ் என்று சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். பின்மூடியைத் திறக்காதீர்கள். கலர் மானிட்டருக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பின்னும் தேங்கி நிற்கும்.

எல்சிடி போதும் என்றால் 4:3 வடிவத்தில் வாங்குங்கள். டாஸ் எழுத்துத் திரை 70 ஹெர்ட்ஸில் வருவதால் சில எல்சிடிகள் அதை ஏற்காது. கார்டில் 9 முள் இணைப்பு இருந்தால் அது விஜிஏ அல்ல, சாதாரண மானிட்டர் சேராது.

கேபினட் மஞ்சளாகிவிட்டது. வெளுக்கலாமா?

ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெளுக்கும். ஆனால் திட்டுத்திட்டாக ஆகும் வாய்ப்பு உண்டு, மறுபடி மஞ்சளாகவும் ஆகலாம். நான் அப்படியே விட்டுவிடுவேன். துரு மட்டும் விஷயம்: கேபினட்டின் அடித்தகடு துருப்பிடித்திருந்தால் தண்ணீர் நின்ற வீடு என்று ஊகித்து, போர்டை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

இவை எங்கே கிடைக்கும்?

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ முகப்புக் கடைகளில் இப்போது இவை இருக்காது. பழுது பார்க்கும் சின்னக் கடைகளில், மாடியில், கேட்டுப் பார்க்க வேண்டும். அதைவிட நல்ல இடங்கள் மூடப்பட்ட கம்ப்யூட்டர் சென்டர்கள், டிடிபி சென்டர்கள், அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள், பழைய எந்திரங்களை ஓட்டும் பட்டறைகள். காயலான் கடைக்காரரிடம் போன் நம்பர் கொடுத்து வையுங்கள். உடைத்த பிறகு சொன்னால் பயனில்லை, "உடைக்காம எடுத்து வைங்க, எடை விலைக்கு மேல தரேன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் முந்தைய உரிமையாளரின் கோப்புகள் இருக்கின்றன. அழித்துவிடவா?

விற்றவரை முதலில் கேளுங்கள். குடும்பக் கடிதங்களோ கணக்குகளோ இருந்தால் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து அழித்துவிடுவதுதான் மரியாதை.

டிடிபி சென்டரிலிருந்தோ அச்சகத்திலிருந்தோ வந்த மெஷின் என்றால் அவசரப்படவே வேண்டாம். யாரோ ஒருவரின் சிறுகதைத் தொகுப்போ ஊர்த் திருவிழா மலரோ சிற்றிதழோ அதில் மட்டுமே இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள் என்பதால் இன்றைய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். குப்பை என்று நினைத்துவிடாதீர்கள். பாமினி, மயிலை, 1999-இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம், டாப் என்று அந்தக் கால எழுத்து முறைகள் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வரிசை. பலவற்றுக்கு இன்று யூனிகோடு மாற்றிகள் உண்டு. சில அச்சகங்கள் தங்களுக்கென்று வாங்கிய எழுத்துருவுக்கு மாற்றி இருக்காது. அதனால் கோப்புகளோடு எழுத்துருக்களையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்: விண்டோஸ் 95-இல் ஃபான்ட்ஸ் அடைவு, விண்டோஸ் 3.1-இல் சிஸ்டம் அடைவு.

யூஎஸ்பி அடாப்டர்கள் பல மிகப் பழைய ஐடிஇ டிஸ்க்குகளைப் படிப்பதில்லை. அப்போது டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், ஐடிஇ இணைப்பு உள்ள பழைய பென்டியம் ஒன்றில் மாட்டிப் பாருங்கள்.

வெளியூரில் வாங்கினேன். பஸ்ஸிலோ பார்சலிலோ எடுத்து வரலாமா?

பார்சலில் விடுவதானால் கார்டுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பெரிய ஹீட் சிங்க் இருந்தால் அதையும். பென்டியத்துக்கு முந்தைய பெட்டிகளில் மதர்போர்டைத் தாங்குவது பெரும்பாலும் பிளாஸ்டிக் முளைகள்தான், அவை உடைந்து போர்டு உள்ளே ஆடும். ஹார்ட் டிஸ்க்கைக் கையோடு எடுத்து வாருங்கள். உருளை பேட்டரி இன்னும் இருந்தால் விற்பவர் வீட்டிலேயே கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மானிட்டர் திரைப்பக்கம் சீட்டின் மெத்தையைப் பார்த்து இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் அப்படியே வைத்து, எங்கேயாவது ஈரம் இருந்தால் காயவிட்டு, பிறகு மேலே சொன்ன வரிசையில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள்.